பெருமைக்கு வைத்த கண்ணி

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ளே போனால் அரண்மனைக்காரன் தெரு வரும். அரண்மனையைத் தேட வேண்டாம். 'ஆர்மீனியன்' என்ற பெயர்தான் நம் மக்கள் வாயில் அப்படி ஆனது. 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் அங்கே இன்றும் நிற்கிறது. ஆர்மீனிய தேசியத்தின் தொடக்ககால அரசியல் நூல்கள் அச்சானதும் இதே ஊரில்தான்.

அப்போது ஆர்மீனியா என்று தனி நாடு இல்லை. துருக்கியும் பாரசீகமும் அதைப் பங்குபோட்டிருந்தன. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் ஜுல்பா ஊர் மக்களை மொத்தமாகப் பெயர்த்து இஸ்ஃபஹானுக்குக் கொண்டுபோனார். அங்கே உருவான புது ஜுல்பாவில் பிறந்து, மதராசில் வணிகம் செய்து பணம் சேர்த்தவர் ஷஹாமிர் ஷஹாமிரியன். அந்தப் பணத்தில் அச்சகம் வைத்தார்.

1772இல் அங்கே மொவ்செஸ் பக்ராமியனின் நூல் வந்தது. நாடு ஏன் பறிபோனது என்று கேட்ட அவர், எதிரியைத் திட்டுவதோடு நிற்கவில்லை. நம் அரசர்களின் எதேச்சதிகாரமும் நம் மக்களின் கல்வியின்மையும்கூடக் காரணம் என்று எழுதினார். அதை எரிக்கச் சொன்னது சுல்தான் அல்ல, தோழர்களே. எச்மியாட்சினில் இருந்த சொந்தத் திருச்சபையின் தலைவர் சிமியோன்.

அடுத்த நூலின் பெயர் 'பெருமையின் கண்ணி'. அட்டையில் 1773 என்றிருக்கிறது. அச்சானது பத்தாண்டுக்கும் பிந்தி என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இல்லாத நாட்டுக்கு 521 பிரிவுகளில் ஓர் அரசமைப்புச் சட்டம்! பெயரிலேயே விஷயம் இருக்கிறது: அதிகாரப் பெருமை தேடி வருகிறவனைச் சட்டம் என்ற கண்ணியில் கட்டிப்போடுவது. மன்னன் வேண்டாம், மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை ஆளட்டும். ஆர்மீனியரோ அயலாரோ, ஆணோ பெண்ணோ, எல்லோரும் சமம் என்கிறது அது. பெண் குழந்தைகளுக்கும் கல்வி கட்டாயம்.

இதைப் படித்துக் கைதட்டிவிட்டு நாம் எழுந்துபோக முடியாது. அதே நூல் ஆட்சிப் பொறுப்புகளைத் தங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கே ஒதுக்குகிறது. எந்தத் திருச்சபைத் தலைமை முந்தைய நூலை எரிக்கச் சொன்னதோ, அதே திருச்சபை! பிறப்பில் சமம் என்று எழுதிய கை, பதவி என்று வந்ததும் வாசலில் வேலி போடுகிறது. நாடற்றுச் சிதறியிருந்தவர்களைப் பிணைத்து வைத்தது திருச்சபைதான் என்பதால் அந்தத் தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் வேலிக்கு வெளியே நிற்கும் கத்தோலிக்க ஆர்மீனியருக்கு அந்தக் காரணம் என்ன ஆறுதல் தந்திருக்கும்?