லிபர்டேரியன் கொள்கை: அமெரிக்காவில் அதன் அறமும் குறையும்

ஒருவரின் உடலும் உழைப்பும் உடைமையும் அவருக்கே உரியவை. பிறர்மீது வன்முறையோ மோசடியோ செய்யாதவரை அவர் வாழ்வில் அரசு தலையிடலாகாது என்பதே லிபர்டேரியன் கொள்கையின் அடிப்படை. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ராபர்ட் நோசிக், 1974இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தத்துவ வலு சேர்த்தார். உழைப்பின் வருவாய்மீது விதிக்கும் வரியைக் கட்டாய வேலைக்கு நிகராக அவர் வைத்தார்.

கொள்கையின் அற வலிமையைக் காட்டியவர் மில்டன் ஃபிரீட்மன். நியூ ஜெர்சியின் ராவேயில் வளர்ந்த இந்தப் பொருளியலாளர், 1977 முதல் ஸ்டான்ஃபோர்டில் ஹூவர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். வியட்நாம் போர்க்காலத்தில் கட்டாயப் படைச்சேர்ப்பைக் கடுமையாக எதிர்த்தார். அதை ஆராய 1969இல் அதிபர் நிக்சன் அமைத்த கேட்ஸ் ஆணையத்தின் உறுப்பினராக, கட்டாயச் சேர்ப்பை ஒழிக்கப் பரிந்துரைத்தார். 1973இல் அது நின்றது. டெக்சஸின் காங்கிரஸ் உறுப்பினர் ரான் பால் 2002இல் ஈராக் போருக்கு எதிராக வாக்களித்ததும் இவ்வழியில்தான். குடிமக்களின் உயிரை அரசு தன் உடைமையாகக் கருதும்போது இத்தனை உறுதியுடன் எதிர்த்து நிற்கும் கொள்கைகள் குறைவு.

அதே ரான் பால், 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் தனியார் சொத்துரிமையை மீறியது என்று 2004இல் காங்கிரஸ் அவையில் பேசினார். ஃபிரீட்மனும் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்களை எதிர்த்தவரே. பாகுபாட்டை வெறுத்த அவர், சந்தைப் போட்டி அதைக் கரைத்துவிடும் என்று நம்பினார். இரட்டைக் குவளையை அறிந்த தமிழருக்கு இந்த நம்பிக்கை எங்கே தவறுகிறது என்பது புரியும்: ஊரே சாதி பார்க்கும்போது தனிக்குவளை வைக்கும் டீக்கடைக்காரருக்கு வியாபாரம் குறைவதில்லை, எல்லோருக்கும் ஒரே குவளையில் தருபவருக்குத்தான் குறையும்.

சந்தையை நம்புவதன் குறை மின்சாரத்திலும் தெரிந்தது. டெக்சஸ், 1999இல் இயற்றிய சட்டப்படி, 2002இல் மின் விற்பனையைப் போட்டிக்குத் திறந்தது. மற்ற மாநிலங்களோடு பெரும்பாலும் இணையாத அதன் மின்கட்டமைப்பு, கூட்டரசின் ஒழுங்குமுறைக்குப் பெரிதும் வெளியே நின்றது. 2011இல் கடுங்குளிரில் மின்நிலையங்கள் முடங்கிய பிறகும், அவற்றைக் குளிர் தாங்கும்படி மாற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. 2021 பிப்ரவரி உறைபனியில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தனர். மின்சாரத்தின் மொத்த விற்பனை விலை யூனிட்டுக்கு 9 டாலரை எட்டியது. அந்த உச்சவரம்பை வைத்ததே அரசு ஆணையம்தான், இது தூய சந்தை அல்ல என்று கொள்கையின் ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் குளிரில் விறைத்து இறந்தவர்மீது எவரும் வன்முறை செய்யவில்லை, மோசடியும் செய்யவில்லை. எனவே இக்கொள்கையின் கணக்கில் அங்கே யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. அந்த ஆண்டே டெக்சஸ் சட்டமன்றம் மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்ப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது.