பழுதுபார்க்க முடியாத துப்பாக்கி

1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட கையோடு, மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களிடம் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் சொன்னார். 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31இல் ஏறிவந்த கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. அன்று அதிக வேலை செய்தது நீண்ட ஈட்டிதான். ஆனாலும் துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

ஒளித்து வைத்திருந்தார்கள், சரி. ஒளித்து வைத்தது துருப்பிடிக்குமே! அதைத் திரும்பச் சுட வைப்பது எளிது என்பதுதான் இங்கே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பெனிச் சிப்பாயிடம் இருந்தது கல் துப்பாக்கி. அதன் குதிரை சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். அதன் வில்லுக்குப் பதம் முக்கியம். கூடினால் ஒடியும், குறைந்தால் துவளும். தகடு கடினமாக இல்லாவிட்டால் பொறியே வராது.

பாளையக்காரர்களின் திரித்துப்பாக்கிக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. வளைந்த இரும்புக் கொக்கியில் கனன்றுகொண்டிருக்கிற திரி. விசையை இழுத்தால் அது மருந்துக் கிண்ணத்தில் குனியும். அவ்வளவுதான். மழை வந்தால் திரி அணையும், அது வேறு கதை. ஆனால் ஏர்க்கொழு அடிக்கிற கொல்லரால் அந்தக் கொக்கியைச் செய்துவிட முடியும். கட்டை உடைந்தால் தச்சாசாரி பார்த்துக்கொள்வார். பட்டறை இருக்கிற ஊரில் துப்பாக்கி சாகாது.

மே 24இல் கோட்டை விழுந்தது. டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டு, துப்பாக்கியோடு ஈட்டியையும் சேர்த்துத் தடைசெய்தார். 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்றானது.

சுதந்திர இந்தியாவின் 1959ஆம் வருஷச் சட்டத்தில் 45ஆம் பிரிவைப் பாருங்க. பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்கணும். அதாவது, தாத்தாவின் துப்பாக்கியைச் சீர்செய்து சுட வைக்க முடியுமென்றால் அந்த விலக்கு கிடைக்காது! கிளைவ் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

அதனால் மியூசியத்தில் நடப்பது பழுதுபார்ப்பு இல்லை, பராமரிப்பு. துருவை மேலும் பரவாமல் நிறுத்துவார்கள், மெழுகு பூசுவார்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: குழாய்க்குள் குச்சியை விட்டு ஆழம் அளப்பது. வெளியே அளந்த நீளத்தைவிடக் குச்சி குறைவாக இறங்கினால் யாரும் அதைத் தொடமாட்டார்கள். நூறு வருஷம் கழிந்தும் மருந்தும் குண்டும் உள்ளேயே இருந்த துப்பாக்கிகள் உண்டு.