பிரேதப் பரிசோதனை

பேச்சில் ‘போஸ்ட்மார்ட்டம்’, செய்தித்தாளில் ‘பிரேதப் பரிசோதனை’, இப்போது ‘உடற்கூறாய்வு’. முதலாவது லத்தீன்: ‘இறப்புக்குப் பின்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ‘பிரேதம்’ வடசொல்; போய்விட்டவர் என்று பொருள்.

சுவையானது இதற்கான இன்னோர் ஆங்கிலச் சொல்லான ‘ஆட்டாப்சி’தான். கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் தான், ‘ஆப்சிஸ்’ என்றால் பார்வை. தன் கண்ணால் பார்ப்பது, அவ்வளவே. பிணத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை!

மருத்துவர் செய்வதும் அதைத்தான். முதலில் வெளிக்காயங்களை அளந்து எழுதுவார். பிறகு மார்பு, வயிறு, மண்டையோடு என்று திறந்து, உறுப்புகளை எடுத்து எடை போடுவார். எரிந்த உடலின் மூச்சுக்குழாய்க்குள் கரி படிந்திருந்தால், தீப்பிடித்தபோது உயிர் இருந்தது என்று பொருள். நாவடி எலும்பு முறிந்திருந்தால் கழுத்தை நெரித்தார்களோ என்ற சந்தேகம் எழும். விஷமா என்ற கேள்வி வந்தால், இரைப்பையும் கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளும் பெரும்பாலும் கெட்டியான உப்புக் கரைசலில் ஆய்வகத்துக்குப் போகும். ஃபார்மலின் ஆகாது, நஞ்சைக் கண்டுபிடிப்பதை அது கெடுத்துவிடும்.

இந்தியாவில் இந்த வேலை வெகுகாலம் பகலில் மட்டுமே நடந்தது. வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்தது. கொலை, தற்கொலை போன்றவற்றுக்கு மட்டும் பொதுவாகப் பகல் வெளிச்சம்தான் விதி.