சங்கிலி முதல் லேசர் வரை

சாமளாபுரம் வட்டார மில்களை லேசர் ஸ்கேனரால் அளப்பது என் தொழில். "எல்லாம் மெஷினே பாத்துக்குமே சார்?" என்று கேட்கும் மாணவர்களுக்காக ஒரு பழைய கதை.

1802-இல் பரங்கிமலை அருகே, வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். வெயிலில் சங்கிலி நீளுமே! வெப்பமானி வைத்துத் திருத்திக்கொண்டார். அதோடு விட்டாரா? கோணங்களை மட்டும் அளந்து மேற்கே வந்தவர், கணக்கைச் சோதிக்க 1804-இல் பெங்களூரில் மறுபடி சங்கிலி பிடித்தார். வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை! 1806-இல் நம் கோவைச் சீமையிலும் ஒரு கோடு. 'புச்சபொல்லியம்' என்று எழுதி வைத்தார்கள். சூலூர்ப் பக்கத்துப் பச்சாபாளையமாகத்தான் இருக்கணும்.

ஸ்கேன்களைக் கோர்க்கக் கோர்க்கச் சின்னப் பிழையும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஷெட்டின் மறுகோடியில் டோட்டல் ஸ்டேஷனால் தனியாக அளந்த குறிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.