வட்டம் வரைஞ்சு மார்க் வாங்கின பயோடெக்

பிளஸ் டூல பயாலஜி எடுத்தவங்களுக்கு இந்த வட்டம் ஞாபகம் இருக்கும். பிராக்டிகல் அன்னைக்கு மேசையில வரிசையா ஸ்பாட்டர் வச்சிருப்பாங்க. அதுல ஒண்ணு ஒரு வட்டம், சுத்தி அம்புக்குறி, பக்கத்துல சில எழுத்துகள். பார்த்ததும் ‘பிபிஆர் 322’னு எழுதி, ரெண்டு வரி குறிப்பு சேர்த்துட்டா மார்க் வந்துடும். இ.கோலி பாக்டீரியாவுக்குள்ள போய் வர்ற ஒரு குட்டி டிஎன்ஏ வளையம் அது. 1977-ல உருவாக்கினாங்க. பொலிவார், ரோட்ரிகஸ்னு ரெண்டு பேரோட முதலெழுத்துதான் அந்த ‘பிஆர்’. மொத்தம் 4,361 இணை எழுத்துகள்.

உலகத்துல பாதி ஆய்வகங்கள் கையால தொட்டு வளர்த்த ஒரு பொருளை நாம பென்சிலால வரைஞ்சுட்டு வெளிய வந்துட்டோம். பயோடெக்னாலஜிங்கறது அடிப்படையில கைவேலை. கலக்கணும், ஊத்தணும், வளர்க்கணும், காத்திருக்கணும். இது எப்படி நம்ம பள்ளிகள்ல ஒரு படமா மாறிச்சு? இதை மதுரையை வச்சுப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கு. இந்தத் துறைக்கு ரொம்ப அடிப்படையான ரெண்டு பொருள் இந்த ஊர்லதான் டன் கணக்குல தயாராகுது.

முதல் பொருள், அகார். மளிகைக் கடையில ‘சைனா கிராஸ்’னு கேட்டா கிடைக்கும். ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம், மதுரையிலயும்கூட, ரம்ஜான் நோன்பு திறக்கும்போது கண்ணாடி மாதிரி துண்டு துண்டா ஒரு இனிப்பு வைப்பாங்க. பேரே கடல்பாசிதான். அதே சரக்குதான் ஆய்வகத்துல பாக்டீரியா வளர்க்கிற தட்டுலயும் இருக்கு.

சமையலறையில இருந்து அது ஆய்வகத்துக்குப் போனதும் ஒரு சமையல் தெரிஞ்ச பெண்ணாலதான். 1881-82 வாக்குல பெர்லின்ல ராபர்ட் கோக்கோட ஆய்வகத்துல வால்தர் ஹெஸ்ஸேன்னு ஒரு டாக்டர் வேலை பார்த்தாரு. அங்க பாக்டீரியா வளர்க்க ஜெலட்டின் போடுவாங்க. வெயில் ஏறினா அது உருகிடும். சில பாக்டீரியா அதையே தின்னு தண்ணியாக்கிடும். வால்தரோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸே ஆராய்ச்சிப் படங்கள் வரைஞ்சு கொடுத்தவங்க. நியூயார்க்ல வளர்ந்தப்போ, ஜாவாவுல வாழ்ந்துட்டு வந்த ஒரு டச்சு அண்டை வீட்டுக்காரங்ககிட்ட அகார் பழகினவங்க. அவங்க போடுற ஜெல்லி வெயில்லயும் நின்னுச்சு. “இதைப் போட்டுப் பாருங்க”ன்னு சொன்னது அவங்கதான். கோக் 1882-ல காசநோய்க் கிருமி பத்தி எழுதின கட்டுரையில அகார் வருது, ஃபேனி பேரு வரல. அஞ்சு வருஷம் கழிச்சு மூடியோட ஒரு கண்ணாடித் தட்டு செஞ்ச ஜூலியஸ் பெட்ரிக்கு மட்டும் பேரு நிலைச்சுடுச்சு.

பெர்லின் வெயிலுக்கே ஜெலட்டின் தாங்கலன்னா மதுரை சித்திரை மாசத்துக்கு அது ரசம்தான். அகார் உருகணும்னா 85 டிகிரிக்கு மேல போகணும். ஆறி வரும்போது 40-க்குக் கீழே வந்தாத்தான் உறையும். நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, இல்ல?

ரொம்ப காலம் உலகத்துக்கு அகார் கொடுத்தது ஜப்பான். இரண்டாம் உலகப் போர்ல அந்த வரத்து நின்னதும், மத்த நாடுகள் மாதிரி இந்தியாவும் தன் கடற்கரையில தேட ஆரம்பிச்சுது. போருக்குப் பிறகு மண்டபத்துல கடல்பாசி ஆராய்ச்சி வேர்பிடிச்சப்போ, அதுல முக்கியமான ஒருத்தர் பிரான்செஸ்கா திவி. இந்திய அகார்களோட தன்மை பத்தி 1951-லயே எழுதினவங்க. 1960களோட பிற்பாதியில இருந்து மன்னார் வளைகுடா பாசி வியாபாரமா எடுக்கப்பட்டுச்சு. இன்னைக்கு நாட்டோட அகார் ஆலைகள்ல கணிசமானது மதுரை வட்டாரத்துலதான் இருக்கு.

ஆலையில நடக்கிறதைச் சுருக்கமா சொல்றேன். பாசியைக் கழுவி, வெயில்ல வெளுக்க வச்சு, வேகவச்சு, வடிகட்டி, கெட்டியானதும் உறைய வச்சு, திரும்ப உருக விடுவாங்க. உருகுற தண்ணியோட அழுக்கும் உப்பும் போயிடும். அகார் மட்டும் தங்கும். ஜப்பான் மலைக் கிராமங்கள்ல இந்த உறைய வைக்கிற வேலையைக் குளிர்கால ராத்திரி சும்மா செஞ்சு கொடுத்துச்சு. மார்கழியில கூட தண்ணி உறையாத மதுரையில அதுக்கு மெஷின் ஓட்டணும்.

பாசியை எடுக்கிறது பெரும்பாலும் பெண்கள். பாம்பன், ராமேஸ்வரம் சுத்துன தீவுகளுக்குப் படகுல போய், மூச்சை அடக்கி முங்கி, பாறையில இருந்து பிய்ச்சு எடுக்கிறாங்க. விரல்ல துணி சுத்திக்குவாங்க, காலுக்குத் தகடு கட்டிக்குவாங்க. அகாருக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும். நான் சொல்லப் போற இரண்டாவது பொருளுக்குக் கட்டக்கோரை. 1986-ல அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதுல இருந்து வனத்துறைக்கும் இவங்களுக்கும் இழுபறி. சின்னப்பாலம் லட்சுமிங்கற பாசி எடுக்கிற அம்மாவுக்கு 2015-ல சீகாலஜி அமைப்போட சர்வதேச விருது கிடைச்சதுக்கு அப்புறம்தான் நகரத்துல பல பேருக்கு இப்படி ஒரு தொழில் இருக்குன்னே தெரிஞ்சுது.

இப்போ ஊரோட மேற்குப் பக்கம் போவோம், நாகமலைப் புதுக்கோட்டைக்கு. 1966-ல தொடங்கின மதுரைப் பல்கலைக்கழகம், 1978-ல காமராசர் பேரைச் சேர்த்துக்கிச்சு. அங்க இருந்த உயிரியல் துறை சாதாரணத் துறை இல்ல. உயிர்வேதியியல் பேராசிரியர் ஜே. ஜெயராமன் எழுதி 1981-ல வந்த ஆய்வக செய்முறைக் கையேடு, இந்தியா முழுக்க கல்லூரி ஆய்வகங்கள்ல கை மாறி மாறிப் புழங்கின புத்தகம். கையால செஞ்சு பார்க்கிற கல்விக்கு மதுரை கொடுத்த பெரிய பங்களிப்பா நான் இதைத்தான் சொல்லுவேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினா பேரு வரும். எத்தனை மில்லி ஊத்தணும், எவ்வளவு நேரம் சூடு பண்ணணும்னு எழுதுறவங்களுக்கு நன்றி மட்டும்தான் வரும், அதுவும் சில நேரம்தான்.

1973-ல அமெரிக்காவுல கோஹென், பாயர்னு ரெண்டு பேரு டிஎன்ஏவை வெட்டி ஒட்டிக் காட்டினாங்க. அடுத்த பத்து வருஷத்துல தில்லி விழிச்சுக்கிச்சு. 1982-ல தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியம், 1986-ல அதுக்குன்னு தனித் துறை. 1980களோட நடுவுல எம்.எஸ்ஸி. பயோடெக் தொடங்க முதல் சுற்றுல நிதி கிடைச்ச சில பல்கலைக்கழகங்கள்ல மதுரை காமராசரும் ஒண்ணு.

இங்கதான் பிரிவு வந்துச்சுன்னு நினைக்கிறேன். டிஎன்ஏவை வெட்டுற நொதிகளை மைனஸ் 20 டிகிரியில வைக்கணும். வெளிநாட்டுல இருந்து வரணும், விலையும் ஜாஸ்தி. கரண்ட் போனா சரக்கும் போச்சு. அதனால பயோடெக்னா பணக்கார வேலைன்னு ஒரு எண்ணம் பதிஞ்சுது. பாடத்திட்டத்துல பயோடெக் அத்தியாயம் வந்தப்போ, அதை நடத்த வேண்டிய பல ஆசிரியர்கள் தங்களோட கல்லூரிக் காலத்துல அதைப் படிச்சதே இல்ல. கையால தொட்டதும் இல்ல. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? தொடாத ஒண்ணை நடத்தச் சொன்னா யாரா இருந்தாலும் வட்டம்தான் வரைவாங்க.

இதே சிக்கல் இங்கிலாந்துலயும் இருந்துச்சு. 1980களோட நடுவுல ரெடிங் பல்கலைக்கழகத்துல பள்ளிகளுக்குன்னே ஒரு தேசிய உயிரித் தொழில்நுட்பக் கல்வி மையம் உருவாச்சு. அவங்க நேரா மாணவர்கிட்டப் போகாம, முதல்ல ஆசிரியரைக் கூட்டி உட்கார வச்சு, அவங்க கையால செய்ய வச்சாங்க. சாமானும் விலை குறைஞ்சது. டிஎன்ஏவைப் பிரிக்கிற ஜெல் பெட்டிக்குப் பெரிய பவர் சப்ளைக்குப் பதிலா சில 9 வோல்ட் பேட்டரி. நொதியையும் ஈஸ்ட்டையும் அடைச்சு வைக்க, கடல்பாசியில இருந்து வர்ற சோடியம் ஆல்ஜினேட்.

நான் சொன்ன இரண்டாவது பொருள் அதுதான். நம்ம கட்டக்கோரையில இருந்து வர்றது. தமிழ்நாட்டுப் பாசி ஆலைகள் அகாரோட சேர்த்து இதையும் தயாரிக்கிறாங்க. ரெடிங்ல ஒரு டீச்சர் ஆல்ஜினேட் கரைசல் சொட்டிக்கிட்டிருந்தப்போ, அது மூட்டையா அடுக்கியிருந்த ஊர்ல பசங்க அத்தியாயத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தாங்க.

யாருமே முயற்சி பண்ணலைன்னு சொல்ல வரல. 1980-ல தொடங்கின தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ இதழ், பயிற்சி முகாம், 1993-ல இருந்து குழந்தைகள் அறிவியல் மாநாடுன்னு பசங்களைச் சொந்த ஊர்ப் பிரச்சினையைக் கையில எடுத்து ஆராய வச்சுது. காமராசர் பல்கலைக்கழக உயிரித் தொழில்நுட்பப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி மாதிரி மக்கள் அறிவியல் இயக்கத்துலயும் நின்னவங்க அந்தப் பாலத்துல நடந்தவங்க. 2022 நவம்பர் 28-ல திருச்சியில அரசு தொடங்கின ‘வானவில் மன்றம்’ 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கான நடமாடும் ஆய்வகத் திட்டம். தன்னார்வலர்கள் சாமானைத் தூக்கிட்டு வகுப்புக்கே வர்றாங்க. எனக்குப் பிடிச்ச திட்டம். ஆனா அது ஆறுல இருந்து எட்டாவது வரைக்கும்தான். பிபிஆர் 322 வர்ற பிளஸ் டூ பக்கம் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கு. அங்க நீட் கோச்சிங் வேற வாசல்லயே நிக்குது.

சரி, கேக்குறவங்கள்ல யாராவது டீச்சரா இருந்தா, இல்ல பசங்களோட ஒரு சனிக்கிழமை உட்காரத் தயாரா இருந்தா, இதைக் குறிச்சுக்கோங்க. 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட், 100 மில்லி தண்ணி. சட்டுனு கரையாது, கட்டி கட்டியா நிக்கும். முந்தின நாள் ராத்திரியே போட்டுக் கலக்கி வச்சிடுங்க. தண்ணி மட்டும் டிஸ்டில்டு வாட்டரா இருக்கணும், பேட்டரிக் கடையில கிடைக்கும். நம்ம போர்வெல் தண்ணியில இருக்கிற கால்சியம் பட்டாலே அது அங்கயே கெட்டியாயிடும். மறுநாள், பேக்கரி ஈஸ்ட்டை அதே டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு, ஆல்ஜினேட்டோட சரிபாதி கலந்துக்கோங்க. ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து, 100 மில்லிக்கு 1.5 கிராம் கால்சியம் குளோரைடு போட்ட கரைசல்ல சொட்டு சொட்டா விடுங்க. விழுந்த மாத்திரத்துல ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி மாதிரி உருண்டையாகும். சோடியம் இருந்த இடத்துல கால்சியம் போய் இழைகளைக் கட்டிப் பிடிச்சுக்கும், ஈஸ்ட் உள்ள மாட்டிக்கும்.

பத்து நிமிஷம் அப்படியே விட்டு, அலசி, சர்க்கரைத் தண்ணியில போடுங்க. முதல்ல அடியில கிடக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு கார்பன் டை ஆக்சைடு விட ஆரம்பிச்சதும், ஒண்ணு ரெண்டா உருண்டைகள் மேல ஏறி வரும். வெந்நீர்ல ஒண்ணு, ஐஸ் தண்ணியில ஒண்ணுன்னு வச்சா எது முன்னாடி ஏறுதுன்னு பசங்களே பந்தயம் கட்டுவாங்க. லாக்டோஸ் இல்லாத பால் தயாரிக்க நொதியை அடைச்சு வைக்கிறதோட தத்துவமும் இதேதான்.

அகார் தட்டு ஊத்திக் கைரேகை வச்சுப் பாக்டீரியா வளர்க்கிறதுன்னா மட்டும் ஒரு கண்டிப்பு வேணும். தட்டை டேப் போட்டு ஒட்டினதுக்கு அப்புறம் யாரும் திறக்கக் கூடாது. என்ன வளர்ந்திருக்குன்னு நமக்குத் தெரியாது. திறந்து மோந்து பார்க்கணும்னு கை துறுதுறுக்கும், விடாதீங்க. முடிஞ்சதும் பழைய பிரஷர் குக்கர்ல முழு அழுத்தம் ஏறின பிறகு 20 நிமிஷம் வச்சுக் கொன்னுட்டுத்தான் குப்பையில போடணும். அந்தக் குக்கர்ல அதுக்கப்புறம் சோறு வைக்காதீங்க, அதை ஆய்வகத்துக்கே கொடுத்துடுங்க.