முறிந்த கையும் கபடிக் களமும்: பிரேஸ் தேர்வு குறித்து ஒரு வாதம்

கை முறிந்து கட்டுப் பிரித்த இளைஞர் எந்தப் பிரேஸ் அணிந்து ஆடலாம் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மருந்துக்கடையிலேயே விடை தேடப்படுகிறது. அளவும் விலையும் பொருந்தினால் விடை கிடைத்துவிட்டதாக எண்ணுகிறோம். தருமபுரி மாவட்டம் போலக் கபடி ஆடும் ஊர்களில் இந்தப் பழக்கம் ஆபத்தானது. உறுதியான பிரேஸ் இன்னும் தேவைப்படும் கை கபடிக்குத் தயாராகாத கை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரேஸ் இருவகைப் பணி செய்கிறது. முதலாவது, முறிவு கூடும்வரை எலும்பைத் தாங்குவது. மேற்கை எலும்பின் தண்டு முறிவுக்கு இதை நிலைநாட்டியவர் அகஸ்டோ சார்மியென்டோ. 1977இல் அவர் விளக்கிய முறையில் உறை தசைகளைச் சுற்றி அழுத்த, அந்த அழுத்தமே எலும்பை நிலைப்படுத்துகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான அவரது குழுவின் ஆய்வில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 620 பேரில், தோல் கிழியாத முறிவுகளில் கூடாமல் போனவை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அது அன்றாட அசைவுக்கான வெற்றி. ஆட்ட மோதலுக்கான சான்று அன்று. இரண்டாவது, கூடிய கைக்கு அணியும் மென்மையான உறை. அது சிராய்ப்பைக் குறைக்கும், கையைப் பற்றிய கவனத்தைக் கூட்டும். எலும்பை வளைக்கும் விசையைத் தடுக்காது.

கபடியில் அந்த விசைதான் முதன்மை. பாடிச் செல்பவரை இருவர் மூவர் சேர்ந்து பிடிக்கும்போது முன்கை வளைகிறது, முறுக்கப்படுகிறது. விழும்போது ஊன்றிய உள்ளங்கை முழு எடையையும் வாங்குகிறது. கெட்டியான ஓடு அணிந்தால் விசை அதன் விளிம்பில் குவியும். எதிராளியின் முகத்திலும் அது மோதும். நகம் வெட்டியிருக்க வேண்டும், அணிகலன் கூடாது என்று விதிக்கும் ஆட்டத்தில் கெட்டியான ஓட்டுக்கு இடமிருக்க நியாயமில்லை. அனுமதிக்கத்தக்க மென்மையான உறையோ எலும்பைக் காக்காது.

கால்பந்தில் கைக்காப்போடு ஆடுகிறார்களே என்று கேட்கலாம். கால்பந்தின் நான்காம் விதி, மென்மையான, எடை குறைந்த, திணிப்புள்ள கைக்காப்பை அனுமதிக்கிறது. ஆனால் களத்தில் ஓடுபவருக்கு அங்கே கை ஆட்டக் கருவியன்று. கபடியில் தொடவும் பிடிக்கவும் கை வேண்டும். எனவே அந்த உவமை இங்கே பொருந்தாது.

தருமபுரிக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் இது. காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது இதனால்தான். ஃபுளோரைடு எலும்பின் கனிமத்தில் கலந்து அதை அடர்த்தியாக்கலாம், அடர்த்தி வலிமையாகிவிடாது. 1990இல் ரிக்ஸ் குழுவினர் எலும்புத் தேய்வுள்ள பெண்களுக்குச் சோடியம் ஃபுளோரைடு கொடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பின் அடர்த்தி ஏறியது. முதுகெலும்பு அல்லாத எலும்புகளில் முறிவும் அதிகரித்தது. மருந்தளவும் குடிநீரின் அளவும் வேறு. இளைஞர் எல்லோருக்கும் அப்பாதிப்பு உண்டென்று இதிலிருந்து முடிவு கட்டவும் முடியாது. எனினும் எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதை மட்டும் நம்பி ஆட அனுமதிப்பது இங்கே போதாது.

இறுக்கக் கட்டினால்தான் பலம் என்ற எண்ணமும் கைவிடத்தக்கது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதானாலும் எலாஸ்டிக் உறையானாலும் மிகை இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அதன் கடைசி விளைவான கைச் சுருக்கத்தை மருத்துவர் வோல்க்மன் 1881இலேயே விவரித்தார். விரல் மரத்தாலோ, நிறம் மாறினாலோ, விரலை நீட்டும்போது வலி மிகுந்தாலோ உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆகவே தேர்வின் வரிசை மாற வேண்டும். முறிந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா, எக்ஸ்ரேயில் எலும்புப் பாலம் தெரிகிறதா, மடக்கலும் முறுக்கலும் பிடிவலுவும் மறுகைக்கு இணையாக உள்ளனவா என்பவை முதலில். அடுத்து ஓட்டம், பிறகு பிடியில்லாத பாடிப் பயிற்சி, கடைசியில் முழு ஆட்டம். உறுதியான பிரேஸ் முதல் இரு படிகளோடு நிற்க வேண்டும். அது இல்லாமல் மூன்றாம் படியை ஏற முடியாதவரைப் பயிற்சியாளர் ஆட்டத்தில் சேர்க்கக் கூடாது. எத்தனை விலை உயர்ந்த பிரேஸும் அந்த முடிவை மாற்றாது.