லிவாதியா: ஒரு மாளிகையும் ஓய்வுரிமையும்

உழைப்பின் மறுபாதி ஓய்வு. ஆயினும், வரலாற்றின் பெரும்பகுதியில் உழைத்தவர் ஒரு சாரார். ஓய்வை நுகர்ந்தவர் மறு சாரார். இவ்வுண்மைக்குக் கல்லாலான சான்றுகள் பல உலகெங்குமுண்டு. அவற்றுள், கருங்கடலோரத்திலே, கிரிமியாவின் யால்ற்றா நகருக்கு அண்மையிலுள்ள லிவாதியா மாளிகை தனிக் கவனத்துக்குரியது.

இரண்டாம் அலெக்சாந்தர் என்னும் சார் மன்னன் 1860ஆம் ஆண்டு இவ்விடத்தைத் தன் குடும்பத்தின் விடுமுறை வாசத்துக்காகப் பெற்றான். நோயுற்றிருந்த அரசிக்குத் தென்கடற் காற்று நலந்தருமென்பது கருத்து. மறு ஆண்டிலே ருஷ்யாவின் பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டனர். ஆனால், தாம் பரம்பரையாக உழுத நிலத்துக்கே அவர்கள் பல்லாண்டுகாலம் மீட்புப்பணஞ் செலுத்த வேண்டியிருந்தது. அரசிக்குக் கடற்காற்று, உழவனுக்குக் கடன்.

பழைய மாளிகை ஈரமூறிப் பழுதுற்றமையால், அது இடிக்கப்பட்டுப் புதியதொன்று எழுந்தது. விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்த நிக்கொலாய் கிராஸ்னோவ் அதன் சிற்பி. 1910இல் தொடங்கிய வேலை 1911இல் முடிவுற்றது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகள், வெண்கற் சுவர்கள், இத்தாலிய பாணி முற்றம். அங்கு தங்க வந்ததோ இரண்டாம் நிக்கொலாய், அவனது மனைவி, நான்கு புதல்வியர், ஒரு புதல்வன் ஆகிய எழுவர் கொண்ட குடும்பம். 1912 ஏப்பிரலில், சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைநாளையும் நல்ல உணவையுங் கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். சாரின் படை அவர்கள்மீது சுட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓய்வு கேட்டவர்க்குக் குண்டு கிடைத்த காலம் அது.

1917இல் முடியாட்சி வீழ்ந்தது. 1920 டிசம்பர் 21ஆந் தேதி, கிரிமியாவை உழைக்கும் மக்களின் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது பற்றிய ஆணையில் லெனின் கையொப்பமிட்டார். 1925இல் லிவாதியா விவசாயிகளுக்கான ஆரோக்கிய நிலையமாகத் திறக்கப்பட்டது. மீட்புப்பணஞ் செலுத்தியோரின் பிள்ளைகளும் பேரர்களும் சாரின் மாளிகையிலே படுத்துறங்கிக் கடலைக் கண்டனர். இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். 1936இன் சோவியத் அரசியலமைப்பு ஓய்வை உரிமையென்றது. 1948இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனமும், சம்பளத்துடன் கூடிய விடுமுறை உட்பட, அவ்வாறே கூறிற்று.

ஆனால், கதையை இங்கு நிறுத்துவோர் பாதியுண்மையே கூறுவோராவர். 1944 மே 18ஆந் தேதி தொடங்கி, மூன்றே நாட்களில், கிரிமியாவின் தாத்தார் மக்கள் ஏறத்தாழ 1,90,000 பேர் புகையிரதங்களில் ஏற்றப்பட்டு நாடுகடத்தப்பட்டனர். பெரும்பாலானோர் உஸ்பெக்கிஸ்தானுக்கு அனுப்பப்பட்டனர். பகைவனுக்குத் துணைபோயினரென்ற பழி ஓரினம் முழுவதன்மீதும் சுமத்தப்பட்டது. செஞ்சேனையிற் போரிட்ட தாத்தார்களுங்கூடத் தப்பவில்லை. ஒன்பது மாதங்கள் கழியுமுன், 1945 பெப்ரவரியில், ஸ்ராலின், றூஸ்வெல்ற், சேர்ச்சில் மூவரும் இதே லிவாதியாவிற் கூடி உலகின் எதிர்காலத்தை ஆராய்ந்தனர். மாளிகையைச் சூழ்ந்த மலையூர்களில் தலைமுறை தலைமுறையாகத் திராட்சையும் புகையிலையும் பயிரிட்ட மக்களோ அப்போது அங்கில்லை. அவர்கள் பெருந்தொகையாகத் திரும்ப முடிந்தது 1980களின் இறுதியிலேயே.

போரின் பின்னர் மீண்டும் ஆரோக்கிய நிலையமாயிருந்த மாளிகை, பிற்காலத்தில் அரும்பொருட்காட்சியகமாயிற்று. அதன் வரலாறு நமக்குணர்த்துவது யாது? அரண்மனைக் கதவை உழவனுக்குத் திறப்பது மாபெருஞ் செயல். எனினும், 'மக்கள்' என்ற சொல்லுள் யார் அடங்குவர், யார் அடங்கார் என்பதை மேலிருப்போரே தீர்மானிக்கும்வரை, கொடுத்த கையே பறிக்கவுஞ் செய்யும். கடலோரத்தில் ஓய்ந்திருக்கும் உரிமை, அக்கடலோரத்தில் வாழும் உரிமையினின்றும் பிரிக்கவொண்ணாதது. சாரை எதிர்த்து எழுப்பிய வினாவைச் சாருக்குப் பின் வந்தோரிடமும் எழுப்புவதே முற்போக்காளன் கடன்.